கூரை உனது, தரை எனது!

“வீடு உன்னுடையதுதான். யார் இல்லையென்றது? தாராளமாக எடுத்துக்கொண்டு போ!”

எவ்வளவு பெருந்தன்மை! பிறர் பொருளுக்கு ஆசைப்படாத உத்தமரின் பேச்சுப்போல் ஒலிக்கிறதல்லவா? ஆனால், வீட்டை எடுத்துக்கொண்டு போவது எப்படி? பாயா, சுருட்டிக் கக்கத்திலே இடுக்கிக்கொள்ள? பானையா, இடுப்பிலே ஏற்றிக்கொள்ள? அடித்தளம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. அதன்மீது சுவர், சுவர்மீது கூரை, கூரைக்கடியிலே ஒரு குடும்பத்தின் நாற்பதாண்டு உழைப்பு. எடுத்துக்கொண்டு போ என்றால் இடித்துக்கொண்டு போ என்று பொருள். இடித்தபின் மிஞ்சுவது என்ன? உடைந்த செங்கல், வளைந்த கம்பி, கதவு இரண்டு, சன்னல் நான்கு. ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வாடகை கொடுத்தால் அதற்கும் இதற்கும் சரியாகப் போய்விடும்.

ஏதோ ஒரு கல்நெஞ்சக்காரர் சினத்திலே சிந்திய சொல் என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. சட்டம் பேசுகிற பேச்சே இதுதான். 1882ஆம் ஆண்டிலே வெள்ளையர் இயற்றி, இன்றளவும் நம்மை ஆண்டுகொண்டிருக்கும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். குத்தகைக்காரர், தாம் மண்ணோடு பிணைத்தவற்றைப் பெயர்த்தெடுத்துக்கொள்ளலாம். நிலத்தை மட்டும் பெற்றபோது இருந்த நிலையிலே விட்டுச்செல்ல வேண்டும் என்கிறது. 106ஆவது பிரிவு இன்னும் தாராளம்: வேறு ஒப்பந்தம் இல்லையானால், மாத வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றப் பதினைந்து நாள் அறிவிப்புப் போதும். பதினைந்து நாள்! ஒரு திருமணத்துக்கு அழைப்பிதழ் அச்சிட்டு உறவினருக்குக் கொடுத்து முடிக்க இந்தப் பதினைந்து நாள் போதாது. ஒரு தலைமுறை வாழ்ந்த வீட்டைக் கலைத்துவிட மட்டும் போதுமாம்!

தரை ஒருவருக்கும் கூரை மற்றொருவருக்கும் சொந்தமாக இருக்கும் இந்த விந்தைக்கு நம் ஊரிலே பெயர் உண்டு: அடிமனை. அடிமனைக்கு வாடகை கட்டுகிறவர் வாடகை வீட்டிலே இருப்பவருமல்லர், சொந்த வீட்டுக்காரருமல்லர். இரண்டின் சுமையும் அவருக்கு உண்டு. இரண்டின் சுகமும் இல்லை. வீட்டுவரி அவர் பெயரில், மின் இணைப்பு அவர் பெயரில், மழையிலே சுவர் இடிந்தால் செலவு அவர் தலையில். நில விலை ஏறினால் மட்டும் இலாபம் வேறொருவர் மடியில்.

சென்னைக்கு மேற்கே செல்வோம். பாடி, கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி. தெற்கே திரும்பினால் திருவேற்காடு, பூவிருந்தவல்லி. இந்த ஊர்கள் நகரமானது எப்படி? ஏரியும் வயலுமாக இருந்த வெளியிலே தொழிற்சாலைகள் எழுந்தன. மிதிவண்டி செய்யும் ஆலை, டயர் வார்க்கும் ஆலை, 1960களிலே ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று அடுக்கடுக்காக வந்தன. ஆலைக்கு ஆள் வேண்டும், ஆள் வந்தான். வடார்க்காட்டிலிருந்து வந்தான், தென்னார்க்காட்டிலிருந்து வந்தான், மழை பொய்த்த ஊர்களிலிருந்தெல்லாம் மஞ்சள் பையும் ஒரு மாற்று வேட்டியுமாக வந்தான். அவனுக்கு வேலை கொடுக்க ஆலை இருந்தது. படுக்க இடம் கொடுக்க யார் இருந்தார்? பெரிய ஆலைகளும் படைத்துறையும் கட்டிய குடியிருப்புகள் சிலருக்குக் கிடைத்தன. மற்றவர்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பெயர் வேண்டாம், இந்தப் பகுதியின் எந்தத் தெருவிலும் அந்தக் குடும்பம் இருக்கும். பட்டறையிலே கடைசல் வேலை பார்க்கும் இளைஞன், நிலக்காரர் ஒருவரை அணுகுகிறான். பள்ளமும் சப்பாத்திக்கள்ளியுமான இடம். “மாதம் இவ்வளவு கொடு, கொட்டகை போட்டுக்கொள்” என்கிறார். எழுத்து இல்லை, பத்திரம் இல்லை, வாய்ச்சொல்தான். அவன் பள்ளத்தை நிரப்புகிறான். ஆலையிலிருந்து கழித்துப்போட்ட சாம்பலும் கல்லும் சுமந்து வந்து நிரப்புகிறான். முதலில் ஓலை, பிள்ளை பிறந்தபின் ஓடு, அந்தப் பிள்ளை வேலைக்குப் போனபின் காங்கிரீட். தெருவுக்கு விளக்கு வேண்டுமென்று மனுக்கொடுத்தவன் அவன். குழாய் வேண்டுமென்று நடையாய் நடந்தவன் அவன். பேருந்து இந்த வழியே வரவேண்டுமென்று மறியலிலே உட்கார்ந்தவனும் அவனே. கள்ளி முளைத்த மேடு ‘நகர்’ என்று பெயர் பெற்றது. சதுர அடிக்கு விலை பேசும் காலம் வந்தது. நிலக்காரர் மறைந்தார், மக்கள் பங்கு பிரித்தனர், அடுக்குமாடி கட்டுவோர் காரிலே வந்து இறங்கினர். பூவிருந்தவல்லி வரை மெட்ரோ இரயிலுக்குத் தூண்கள் எழுந்துவிட்டன அல்லவா? தூண் ஒன்று எழும்போதெல்லாம் விலையும் ஒரு முழம் எழுகிறது. “வீடு உன்னுடையதுதான், எடுத்துக்கொண்டு போ!” என்கின்றனர்.

நாம் கேட்பது இதுதான்: அந்த மண்ணுக்கு விலை ஏற்றியவர் யார்? நிலக்காரர் அந்தப் பள்ளத்திலே ஒரு கூடை மண் கொட்டினாரா? குடியிருந்தவனின் வியர்வையும் ஊராரின் வரிப்பணமும் சேர்ந்து ஏற்றிய விலை அது. ஏற்றியவனை இறக்கிவிட்டு, இறுதியிலே வந்தவர் அறுவடை செய்வது அறமா?

“உணர்ச்சிவயப்பட்ட பேச்சு, சொத்துரிமைக்கு உலை வைக்கும் பேச்சு” என்று சிலர் கூறக்கூடும். கூறட்டும். ஆனால், இதைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு நம்முடையது என்பதை அவர்கள் மறந்துவிட்டனர், அல்லது நாம் மறந்துவிடவேண்டும் என்று விரும்புகின்றனர்.

முதல் உலகப் போர் முடிந்திருந்த காலம். சென்னையிலே மனை விலை ஏறிற்று. பிறர் நிலத்திலே நியாயமான வாடகை கட்டிக்கொண்டு, இருக்கும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலே வீடு கட்டியிருந்தோரை நிலக்காரர் வெளியேற்றத் தொடங்கினர். நீதிக்கட்சியின் அமைச்சரவை இருந்த நாள். அப்போது பிறந்ததுதான் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1922ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டம். அதன் முகவுரையே கட்டிய நம்பிக்கையைத்தான் காக்கவேண்டிய பொருளாகக் குறிக்கிறது. கல்லை மட்டும் கணக்கிலே எடுக்காமல், கல்லை அடுக்கியவனின் நம்பிக்கையையும் கணக்கிலே எடுத்த சட்டம்!

அதிலே என்ன இருந்தது? வெளியேற்றுவதானால், குடியிருப்பவர் கட்டிய வீட்டுக்கும் நட்ட மரத்துக்கும் மதிப்புப் போட்டு ஈடு கொடுக்கவேண்டும். ஆமாம், மரத்துக்கும்! முருங்கைக்கும் தென்னைக்கும் கூட நீதி வழங்கிய சட்டம். வழக்குத் தொடுக்குமுன் மூன்று மாத அறிவிப்புத் தரவேண்டும். அந்த அறிவிப்பிலேயே, ஈடாக இன்ன தொகை தருகிறேன் என்று குறிப்பிடவேண்டும். எல்லாவற்றினும் மேலாக ஒன்பதாவது பிரிவு: வெளியேற்ற வழக்குப் போட்டால், குடியிருப்பவர் திருப்பி வழக்குமன்றத்தைப் பார்த்து, “இந்த மனையை எனக்கே விற்குமாறு ஆணையிடுக” என்று கேட்கலாம். வீட்டில் வசதியாக வாழ எவ்வளவு நிலம் வேண்டுமோ அவ்வளவை மன்றம் அளந்து, மூன்றாண்டுச் சந்தை விலையின் சராசரியை விலையாக வைத்து, மூன்று மாதத்துக்குக் குறையாமலும் மூன்று ஆண்டுக்கு மேற்படாமலும் தவணை கொடுக்கும். இலவசமாக அல்ல, தோழர்களே, விலைக்கு! யாருடைய சொத்தையும் யாரும் பிடுங்கவில்லை. கட்டியவனுக்கு முதல் வாய்ப்பு, அவ்வளவே. இந்த உரிமைகளை விட்டுக்கொடுக்கிறேன் என்று எளியவனிடம் எழுதி வாங்கினாலும் செல்லாது என்றும் பொதுவாகக் காப்பு வைத்தனர்.

1955 சனவரியிலே ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடியது. சமதர்ம பாணிச் சமுதாயம் காண்போம் என்று தீர்மானம் போட்டனர். தீர்மானத்தைப்பற்றி அந்நாளிலேயே நம்மவர் நிறையப் பேசியிருக்கின்றனர். இங்கு அது வேண்டாம். அதே ஆண்டிலே இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, சென்னைக்கு வெளியே நகராட்சி ஊர்களுக்கும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களுக்கும் அரசு அறிவிப்பால் நீட்டிக்க வழி பிறந்தது. மாநாட்டுப் பந்தலைப் பிரித்துவிட்டனர். சட்டம் நின்றது. பந்தல்காரனுக்குக் கூட அதனாலே பயன் உண்டு!

பிறகுதான் கத்தரிக்கோல் வந்தது.

1960இல் ஒரு வெட்டு: சென்னை, மதுரை போன்ற சில நகரங்கள் நீங்கலாக, மற்ற ஊர்களிலே குடியிருப்பல்லாத கட்டடங்களுக்குப் பாதுகாப்பு இல்லையென்றனர். அந்த வெட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கிலே மனைக்காரர் யார் தெரியுமா? சங்கரசுவாமிகள் மடம்! உலகம் மாயை, மண்ணும் பொன்னும் மாயை என்று உரைக்கும் பரம்பரை. மனை மட்டும் மாயையில் சேராது போலும். 1963இல் தீர்ப்பு வந்தது: ஒன்பதாவது பிரிவு தருவது சட்டத்தால் வந்த சலுகையுரிமைதான், சொத்துரிமை அன்று, ஆகவே சட்டமன்றம் அதைத் திரும்பப் பெறலாம். இந்தத் தீர்ப்பை நெஞ்சிலே குறித்துக்கொள்ளுங்கள், தோழர்களே; பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

அடுத்த வெட்டு 1979ஆம் ஆண்டின் திருத்தம். சட்டம் நடைமுறையில் உள்ள இடங்களிலே, அந்தத் திருத்தம் வெளியான நாளுக்கு முன் ஏற்பட்ட குத்தகைகளுக்கு மட்டுமே பாதுகாப்பு என்றாயிற்று. அந்த நாளுக்கு மறுநாள் வந்து, அதே தெருவில், அதே நிலக்காரரிடம், அதே வாடகைக்கு மனை பிடித்தவனுக்கு ஒன்றுமில்லை. அண்ணனுக்கு உண்டு, அடுத்த வீட்டிலே இருக்கும் தம்பிக்கு இல்லை. அம்பத்தூரும் ஆவடியும் ஆள் நிரம்பியது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது வெட்டுத்தான் வேரையே தொட்டது. 1996ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம். எந்தச் சமயமாயினும் சரி, சமய நிறுவனங்களுக்கும் அவற்றின் அறக்கட்டளைகளுக்கும் சொந்தமான நிலங்களிலே இந்தப் பாதுகாப்பே கிடையாது என்று எழுதிவிட்டனர். அன்றைக்கு நடந்துகொண்டிருந்த வழக்குகளும் அற்றுப்போயின. மனையை விலைக்குக் கேட்டு மன்றத்து வாயிலிலே நின்றுகொண்டிருந்தவர், நின்ற இடத்திலேயே உரிமை இழந்தார்.

இதன் பாரம் எளிதிலே புரியாது. தமிழ்நாட்டிலே அறநிலையத் துறையின் பார்வையிலுள்ள கோயில் நிலம் ஏறத்தாழ 4.78 இலட்சம் ஏக்கர். வயலும் உண்டு, நகரத்து மனையும் உண்டு. நாம் பேசும் மேற்குப் பகுதியோ பழங்கோயில்களின் பகுதி; திருமுல்லைவாயில் உண்டு, பாடியிலே திருவலிதாயம் உண்டு, திருவேற்காடு உண்டு, மாங்காடு உண்டு. இந்த நாட்டில் கோயிலைச் சுற்றி ஊர் எழுந்தது. ஊரார் கோயில் மனையிலே வீடு கட்டினர். தலைமுறையாக வாடகை கட்டினர்.

மனைக்காரராக வாய்த்தவரோ விந்தையானவர். சட்டத்தின் கண்ணிலே கோயில் மூர்த்தி ஓர் ஆள். சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். அதுமட்டுமா? என்றென்றும் வயதுக்கு வராத சிறுவர்! ஆயிரம் ஆண்டுக் கோயில் என்று கல்வெட்டுக் காட்டுவர். வழக்குமன்றத்திலோ மைனர் என்பர். சிறுவர் சொத்தைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை என்று வாதம் வளர்கிறது. உண்மையான சிறுவர், புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகும் சிறுவர், அந்த மனையின்மேலுள்ள வீட்டிலே இருக்கின்றனரே. அவர்களுக்காக வாதாடுவோர் எவர்?

அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி, வாடகையைக் குழு அமைத்து நிர்ணயிக்கின்றனர். நில மதிப்பை வைத்து வாடகை. மதிப்பு ஏறினால் வாடகை ஏறும். குடியிருப்பவனின் கூலி ஏறுமா என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை. கட்ட முடியாமல் நிலுவை விழும். நிலுவை விழுந்தால் குத்தகை நீக்கம். நீக்கம் ஆனபின்? 78ஆவது பிரிவைப் பாருங்கள். அங்கே ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல்லுக்குப் பொருள் விரித்திருக்கின்றனர்: குத்தகை முடிந்தபின்னும், நீக்கப்பட்டபின்னும் சொத்திலே தொடர்ந்து இருப்பவரும் ஆக்கிரமிப்பாளரே! பாட்டன் வாடகை கட்டினான், தந்தை கட்டினான், பெட்டியிலே ரசீது கட்டுக்கட்டாக இருக்கிறது. ஆயினும் ஓர் ஆணை பிறந்த மறுநொடி, பேரன் ஆக்கிரமிப்பாளன். இரவோடிரவாக வேலி தாண்டி வந்த திருடனுக்கும் இவனுக்கும் ஒரே பெயர்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறோம். நாம் கோயிலைப்பற்றிப் பேச்செடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வோர் உண்டு. இது ஆத்திக நாத்திக வழக்கு அன்று. அந்த வீடுகளிலே வாழ்வோரிலே பெரும்பாலோர் பக்தர்கள்தாம். ஆடி வெள்ளியிலே கூழ் ஊற்றுகிறவள், தேருக்கு வடம் பிடிக்கிறவன், அவர்களேதாம். மாலையிலே அர்ச்சனைத் தட்டோடு சென்றவள் கையிலே, காலையிலே வெளியேற்ற அறிவிப்பு! பக்தையாக வரும்போது ‘வாம்மா’; குடியிருப்பவளாக வரும்போது ‘வெளியே போ’. பள்ளிவாசல், மாதாகோயில் மனைகளிலே இருப்போருக்கும் இதே சட்டம்தான். பாரபட்சம் இல்லையென்பது ஒன்றுதான் இதிலே நாம் கண்ட சமத்துவம்.

எதிர்வாதத்தைக் கேட்கவேண்டியது நம் கடமை. “கோயில் நிலம் பொதுச்சொத்து. ஏழை என்ற பெயரிலே பெரும்புள்ளிகள் கொள்ளையடித்தார்கள். அரைக்காசு வாடகைக்கு அரண்மனை வாழ்வு வாழ்ந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1996ஆம் ஆண்டுச் சட்டம்” என்கின்றனர். இதிலே உண்மை உண்டு, மறுக்கமாட்டோம். அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திலே போராடியவர்களுள் முன்னே நின்றது மயிலாப்பூர் கிளப். கபாலீசுவரர் கோயில் நிலத்திலே அமைந்த கனவான்களின் மன்றம். 2005இல் தீர்ப்பு, சட்டம் செல்லும் என்பது. கனவான்கள் தோற்றதற்காக நாம் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் திமிங்கிலத்துக்கு விரித்த வலையிலே சிக்கியது யார்? நெத்திலி! கிளப்புக்குக் கைநிறைய வழக்கறிஞர் உண்டு, ஒரு மனை போனால் மற்றொரு மனை உண்டு. இரண்டு சென்ட்டிலே சுவர் எழுப்பிய தையற்காரிக்கு எது உண்டு? டென்னிஸ் ஆடும் திடலையும் தொட்டில் ஆடும் திண்ணையையும் ஒரே தராசிலே நிறுத்தது எந்த நீதி? குடும்பத்தோடு தானே வாழும் வீடு, இவ்வளவு பரப்புக்கு மேற்படாத மனை, வேறு வீடு இல்லாதவர் என்று மூன்று நிபந்தனை எழுதச் சட்டமன்றத்துக்கு மை பஞ்சமா?

“விலை குறைவாகப் போய்விடும்” என்றனர். மூன்றாண்டுச் சராசரி குறைவு என்றால் விலை முறையைத் திருத்தியிருக்கலாம். விற்கவே கூடாதென்றால் நீண்டகாலக் குத்தகை தந்து, வாரிசுக்கும் உறுதி தந்து, வாடகையைக் கூலிக்கேற்ப வைத்திருக்கலாம். கால் கடிக்கிறதென்று செருப்பைத் தைத்துக்கொள்வதற்குப் பதில் காலை வெட்டிய கதையாயிற்று.

கடல் கடந்தும் ஒரு பார்வை பார்ப்போம். அமெரிக்காவிலே, தொழிற்சாலையில் செய்து சக்கரத்தில் இழுத்துவந்து நிறுத்தும் வீடுகள் உண்டு. வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம். நிறுத்தியிருக்கும் மனை, ‘பார்க்’ என்று அவர்கள் அழைக்கும் திடலின் முதலாளிக்குச் சொந்தம். மாதந்தோறும் அடிமனை வாடகை. நம் கதையேதான்! முதலாளி திடலை மூடினால் அத்தனை குடும்பமும் தெருவில். சக்கரம் இருக்கிறதே, இழுத்துக்கொண்டு போகலாமே என்று தோன்றும். நின்ற வீட்டை மறுபடி நகர்த்துவதற்கு ஆகும் செலவு பெருஞ்செலவு. பழைய வீடு வழியிலேயே நொறுங்கும். ஏற்றுக்கொள்ள வேறு திடலும் எளிதிலே கிடைக்காது. பெயரளவுக்குத்தான் அது நகரும் வீடு. முதலாளித்துவத்தின் தலைநாடென்று பேர்பெற்ற அந்த நாட்டிலேயே, ஒரிகன் மாநிலம் திடலை மூடுவதற்கு 365 நாள் முன்னறிவிப்பும் குடியிருப்போருக்குப் பணமும் தரவேண்டுமென்று விதித்திருக்கிறது. நியூஹாம்ப்சயர் மாநிலத்திலே, திடலை விற்குமுன் குடியிருப்போருக்கு 60 நாள் முன்னதாகத் தெரிவித்து, அவர்களே வாங்க முன்வந்தால் அதனைக் கருத்திலே கொள்ளவேண்டும். அங்கே மெரிடித் என்னும் ஊரிலே 1984இல் 13 குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டு, கடன் பெற்று, தம் திடலைத் தாமே வாங்கின. பதின்மூன்றே குடும்பங்கள்! அதைப் பின்பற்றி இன்று அந்நாடெங்கும் நூற்றுக்கணக்கான திடல்கள் குடியிருப்போர் கைக்கு வந்துள்ளன.

அவர்கள் 1984இலே கண்டதன் வித்து நம்மிடம் 1922லேயே இருந்தது. கூட்டுறவும் நமக்குப் புதிதன்று. 1904லேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை கண்ட நகரம் இது. அரிசி பருப்புக்குக் கூடிய கைகள் அடிமனைக்குக் கூடமாட்டாவா? ஒரு தெருவே சங்கமாகி, ஒரே விலை பேசி, தவணையிலே மனை வாங்குவதற்குச் சட்டம் கதவைத் திறந்துவிட்டால் போதும்.

திறக்க முடியுமா என்கிறீர்களா? குறித்துக்கொள்ளச் சொன்னோமே, 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு! சட்டமன்றம் தந்த உரிமை, சட்டமன்றம் எடுக்கலாம் என்றது. எடுக்கக்கூடியது கொடுக்கவும் கூடியதுதானே? கெடுநாளை முன்னே நகர்த்துக என்று கேட்கிறோம். இன்றுவரை அடிமனையிலே வீடு கட்டிக் குடியிருப்போர் அனைவருக்கும் பாதுகாப்பு விரிக என்று கேட்கிறோம். சமய நிறுவன மனையிலும், தானே குடியிருக்கும் எளியவனுக்கு விலக்கிலிருந்து விலக்குத் தருக என்று கேட்கிறோம். நிலம் விற்பனைக்கு வருமுன் அங்கே வாழ்வோருக்குச் சொல்லுக, அவர்கள் சங்கமாக வாங்க ஓராண்டு தவணை தருக, வாங்க இயலாதவரை வெளியேற்றுவதானால் இன்றைக்கு அதே வீட்டைக் கட்ட என்ன ஆகுமோ அந்தத் தொகையை முன்கூட்டியே கையிலே கொடுக்க என்று கேட்கிறோம். ஆற்றங்கரைப் புறம்போக்கிலே இருந்தவரை நகரின் மறுகோடிக்கு ஏற்றிச் சென்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கிவிட்ட கொடுமையை நாம் அறிவோம். நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் பெயரை, நீதி கிடைக்காதவரின் குடியிருப்புக்குச் சூட்டிய நகைச்சுவை ஆட்சியாளருக்குத்தான் வரும். அடிமனை வாடகை கட்டியவருக்கோ, வெளியேறும்போது அந்த மறுகோடியைக் கேட்பதற்குக்கூடச் சட்டத்திலே ஒரு வரி கிடையாது.

சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இளைஞர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. பழைய சட்டம் இன்னும் முழுதும் சாகவில்லை. தனியார் மனையிலே, கெடுநாளுக்கு முன்பிருந்து இருந்துவரும் குடும்பங்களுக்கு ஒன்பதாவது பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் வழக்கின் சம்மன் கையிலே கிடைத்து ஒரு மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். அந்த ஒரு மாதம் தெரியாமல் உரிமை இழந்தால் பிறகு அழுது பயனில்லை. சம்மனை வாங்கினாலே வம்பு என்று கதவைச் சாத்துகிறவர் உண்டு; சாமிபடத்துக்குப் பின்னே செருகிவைத்துவிட்டு மறந்துவிடுகிறவரும் உண்டு.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை, படிப்பகத்திலே கூடியபின் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். இரண்டிருவராகப் பிரிந்து உங்கள் தெருக்களிலே இறங்குங்கள். கதவைத் தட்டுங்கள். “பெரியம்மா, மனை வாடகை ரசீது இருக்கிறதா? எந்த ஆண்டிலிருந்து?” என்று கேளுங்கள். ரசீதிலே ‘வாடகை’ என்று எழுதியிருக்கிறதா, வேறு ஏதாவது சொல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் வீட்டுவரிச் சீட்டு, முதல் மின் கட்டணச் சீட்டு, பழைய குடும்ப அட்டை, எல்லாவற்றையும் ஒரு பையிலே போட்டு வைக்கச் சொல்லுங்கள். சாமிபடத்துக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.